சந்தேகம் இருந்தால் எழுதவும்

1991 பொங்கல் கழிந்து சில நாளில் என் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. கல்யாணமாகி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருக்கும் பென்னலூருக்கு வந்த ஒன்றரை வருஷத்தில் எனக்கென்று வந்த முதல் தபால் அதுதான். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அட்டைப்பெட்டியைக் காதோரம் வைத்து ஒருமுறை குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

"இன்னாம்மா, உள்ள கலகலன்னுது?"

விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டேன். ஏன் பொய் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு பின்னாலேயே நின்றிருந்த மாமியார், தபால்காரர் சைக்கிள் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து கேட்டார்.

"யாரு அனுப்சது?"

"கம்பெனி, அத்தை."

"கம்பெனிக்கு உன் பேரு எப்டித் தெரியும்?"

நியாயமான கேள்வி. ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், 'வீட்டிலிருந்தே எலெக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ளுங்கள்' என்று விளம்பரம் வந்திருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கம்பெனி. மாதம் ஒரு பெட்டி அனுப்புவார்கள். அதில் உள்ள சாமான்களைச் சேர்த்துப் பற்றவைத்தால் ஏதாவது ஒன்று எரியும், இல்லாவிட்டால் கத்தும். நான் பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப். பாலிடெக்னிக் போக அப்ளிகேஷன்கூட வாங்கி வைத்திருந்தேன். அதற்குள் ஜாதகம் பொருந்திவிட்டது. என் வீட்டுக்காரர் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதிய ஷிப்ட். ஹைவேயில் போய் நின்றால் கம்பெனி பஸ் ஏற்றிக்கொள்ளும். அவர் வீட்டில் இல்லாத பகல்கள் எனக்கு ரொம்ப நீளமாக இருந்தன. விளம்பரத்தைக் காட்டியபோது, "வாங்கிக்க, பொழுது போவும்" என்று அவர்தான் சொன்னார். அதை நான் மறந்துவிடக் கூடாது.

முதல் பெட்டியில் ஒரு சால்டரிங் அயர்ன், கொஞ்சம் ஈயக் கம்பி, உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு பச்சை போர்டு, ஒரு பொட்டலம் நிறைய சில்லறைச் சாமான்கள். மிளகைவிடச் சற்றுப் பெரியதாக, வயிற்றில் வண்ணக் கோடு போட்ட ரெசிஸ்டர்கள். மூன்று கால் டிரான்சிஸ்டர்கள். இரண்டு சிவப்பு விளக்குகள். விளக்கத்தாளைப் பார்த்துப் பார்த்து மூன்று நாளில் பற்றவைத்தேன். விரலில் இரண்டு கொப்புளம். நாலாம் நாள் பேட்டரியை மாட்டியதும் இரண்டு விளக்கும் மாறி மாறிக் கண் சிமிட்டின. அன்றைக்குச் சோறு குழைந்துபோனது. மாமியார் திட்டியதைக் கேட்டுக்கொண்டே அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதால இன்னா உபயோகம்?" என்று கேட்டார் மாமியார்.

ஒரு உபயோகமும் இல்லை. ஆனால் அதை அவருக்கு எப்படிச் சொல்வது?

விளக்கத்தாளின் அடியில் ஒரு வரி இருக்கும்: 'சந்தேகம் இருந்தால் எழுதவும்.' நான் எழுதினேன். எனக்குத்தான் எவ்வளவு சந்தேகம்! இந்தக் காலை அந்தப் பக்கம் வைத்தால் என்ன ஆகும், ஏன் ஈயம் உருண்டை உருண்டையாகத் திரண்டு நிற்கிறது, ஒட்ட மாட்டேன் என்கிறது. ஒரு வாரம் பத்து நாளில் இன்லேண்டு லெட்டரில் பதில் வந்துவிடும். சாய்ந்த, நிதானமான கையெழுத்து. கடைசியில் பெயர் இருக்காது, 'சேவைப் பிரிவு' என்று மட்டும் இருக்கும். எழுதியவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்கு இன்றுவரை தெரியாது. 'தங்கள் கேள்வி மிக நல்ல கேள்வி' என்று ஒருமுறை தொடங்கியிருந்தது. என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்தக் கடிதத்தை மற்றவற்றோடு சேர்த்து அலமாரியில் இருந்த பிஸ்கட் டப்பாவில் போடாமல் தனியாக மடித்து வைத்தேன்.

என் வீட்டுக்காரர் கடிதங்களைப் படிக்க மாட்டார். மேலே விலாசத்தை மட்டும் பார்ப்பார். "ஒரே ஆளா எழுதுறாரு?" என்று ஒருநாள் கேட்டார். "தெரியல" என்றேன். அதோடு விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

எங்களுடையது இரண்டு குடித்தனம் உள்ள வீடு. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். மொட்டை மாடிக்கு வெளியே படி. வீட்டுச் சொந்தக்காரர் ஸ்ரீபெரும்புதூரில் இருந்தார், வாடகைக்கு மட்டும் வருவார். மாசி மாதத்தில் பக்கத்துப் பாகத்துக்கு ஒரு புருஷனும் பெண்சாதியும் குடிவந்தார்கள். தூத்துக்குடிப் பக்கம். அவர் ஹைவேயில் ஒரு லாரி ஒர்க்ஷாப்பில் வெல்டர். அந்த அம்மா என்னைவிட ஏழெட்டு வயசு பெரியவர், குழந்தை இல்லை. நான் அக்கா என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவர் பேச்சு எங்கள் மாமியாருக்குப் பாதி புரியாது. கருவாட்டுக் குழம்பு வைத்தால் கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டுவார். நான் பற்றவைக்கும்போது சில நாள் எதிரே வந்து உட்காருவார். "எங்க வீட்டு ஆளு இரும்ப ஒட்டுதாரு, நீ ஊசிய ஒட்டுத" என்று சிரிப்பார்.

சித்திரையில் வந்த பெட்டியில் மழை அலாரம் இருந்தது. ஒரு சிறிய தகட்டில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் இருக்கும். மொட்டை மாடியில் அதை வைத்து, இரட்டை ஒயரால் வீட்டுக்குள்ளே இருக்கும் போர்டோடு இணைக்க வேண்டும். தகட்டில் ஒரு சொட்டு மழை விழுந்தால் உள்ளே பஸ்ஸர் கத்தும். கேட்டதும் மாமியாருக்கே ஆசை வந்துவிட்டது. மாடியில் வடகமும் மிளகாயும் காயும் மாதம் அது. "மொதல்லயே இத்த வாங்கியிருக்கலாம் இல்ல?" என்றார். நானும் அவரும் சேர்ந்துதான் ஜன்னல் வழியாக ஒயரை வெளியே விட்டு, சுவரோடு ஆணி அடித்து மாடிவரை இழுத்தோம்.

ஆனால் கத்தவில்லை. தண்ணீரைத் தெளித்தேன், ஊற்றினேன், மூச். கம்பெனிக்கு எழுதிப்போட்டுவிட்டு ஒயரை அப்படியே விட்டிருந்தேன். பதிலும் வந்தது. அதில் சொன்னபடி திருத்துவதற்குள் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே அது நடந்துவிட்டது.

நாடே அறிந்த செய்தி, நான் விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாது, ஆனால் நடந்து போய்விடலாம். அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. சத்தம் கேட்டதாகப் பின்னால் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். எனக்குக் கேட்கவில்லை. மறுநாள் ஹைவேயில் ஒரு லாரி இல்லை, கடை இல்லை. அம்பத்தூரில் மாட்டிக்கொண்ட என் வீட்டுக்காரர் பாதி தூரம் நடந்து, பாதி தூரம் யார் யார் வண்டியிலோ தொற்றி, அதற்கும் மறுநாள் வந்து சேர்ந்தார். வந்தவர் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் சுவரில் போகும் ஒயரைப் பார்த்தார்.

"இத்த எடுத்துடு" என்றார்.

"மழை அலாரம்தானே?"

"எடுத்துடுன்றேன் இல்ல?"

அன்றே எடுத்துவிட்டேன். ஆணித் துளைகள் சுவரில் வரிசையாகத் தெரிந்தன.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஊர் மாறிப்போனது. பேட்டரி, ஒயர், சுவிட்ச் என்று பத்திரிகைகளில் அம்புக்குறி போட்டுப் படம் வந்தது. எனக்கு அந்தச் சாமான்கள் ஒவ்வொன்றும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம். சைக்கிளிலும் ஜீப்பிலும் போலீஸ்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யார் புதுசு, யார் வாடகைக்கு இருக்கிறார்கள், யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டார்கள். நான் வழக்கமாகப் பேட்டரி வாங்கும் கடைக்காரர், உப்பு வாங்கப் போன என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "தோ பாரும்மா, என்னாண்ட பேட்டரி வாங்குனதா எங்கயும் சொல்லிடாத." தபால்காரர் என் பெயருக்கு வந்த கடிதத்தைத் தெருவில் எல்லோரும் பார்க்க உயர்த்திப் பிடித்து, "உனுக்குத்தான்" என்றார். முன்பும் அவர் அப்படித்தான் கொடுத்தாரா? எனக்கு நினைவில்லை. எதுவும் முன்பு மாதிரிதான் இருக்கிறதா என்று யாருக்கும் சொல்லத் தெரியாத நாட்கள் அவை.

ஒரு வியாழக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா துணி உலர்த்திவிட்டு மாடிப்படி இறங்கி வந்தார். என் ஜன்னலண்டை நின்றார்.

"ஏ தங்கச்சி, மாடிக்கு ஒரு ஒயரு போச்சுல்லா? அத எங்க?"

"எடுத்துட்டேன்க்கா."

"எதுக்கு எடுத்த?"

"சும்மாதான்."

அவர் ஆணித் துளைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வாசலில் ஜீப் நின்றது.

ஒரு சப்-இன்ஸ்பெக்டர், இரண்டு கான்ஸ்டபிள்கள். என் வீட்டுக்காரருக்கு அந்த வாரம் காலை ஷிப்ட். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். சப்-இன்ஸ்பெக்டர் அதட்டவில்லை. செருப்பைக்கூட வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். "எலெக்ட்ரிக் சாமான் ஏதோ வெச்சிருக்கீங்களாமே, அதைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க" என்றார்.

அவர் தேடவே இல்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் மாதிரி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு உடனே அந்த விரல்தான் ஞாபகம் வந்தது, ஆணித் துளையைத் தடவிய விரல்.

பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து தரையில் வைத்தேன். ஒரு கான்ஸ்டபிள் சற்றுப் பின்னால் நகர்ந்து நின்றார். சப்-இன்ஸ்பெக்டர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். போர்டு, மாடியிலிருந்து எடுத்த தகடு, ஒயர் சுருள், இரண்டு சதுர பேட்டரி. அப்புறம் கடிதங்கள். மேலாக இருந்ததைப் பிரித்து உரக்கப் படித்தார்.

"'மூன்றாவது காலை நான்காவது முனையோடு சேர்க்கவும். பேட்டரியைக் கடைசியாக மட்டுமே இணைக்கவும். அதற்கு முன் எல்லா இணைப்புகளையும் இருமுறை சரிபார்க்கவும். இம்முறை நிச்சயம் வேலை செய்யும்.'" நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என்னம்மா இது?"

அந்த வரிகளை நான் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். அவர் குரலில் கேட்டபோதுதான் அவை எப்படி ஒலிக்கின்றன என்று தெரிந்தது.

"மழை அலாரம் சார். மழை வந்தா கத்தும்."

"கத்துமா? கத்த வைங்க பார்க்கலாம்."

"இப்ப கத்தாது சார்."

"ஏன்?"

"தப்பாப் பத்த வெச்சிட்டேன். அதுக்குத்தான் அந்த லெட்டர்."

கான்ஸ்டபிள்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் கடிதத்தை என்னிடம் நீட்டினார். "சரி, அந்த லெட்டர்ல இருக்கிற மாதிரி இப்ப செய்யுங்க. நான் பார்க்கிறேன்" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். நான் அயர்னை பிளக்கில் செருகினேன். அது சூடேறத் தொடங்கியிருக்கும், கரண்ட் போய்விட்டது. எங்கள் வீட்டு ஃபேனும் பக்கத்து வீட்டு ஃபேனும் சேர்ந்து நின்றன.

அப்புறம் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் எழுத வேண்டும் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

மாமியார் மோர் கலக்கிக் கொடுத்தார். வாசலில் தெருவே கூடி நின்றது. எல்லோர் முகமும் எனக்குத் தெரிந்த முகம், ஆனால் ஒருவர்கூட "இன்னா ஆச்சு?" என்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவை மட்டும் அங்கே காணவில்லை. அதுவே எனக்குச் சாட்சியாகப் பட்டது. சொல்லிவிட்டு உள்ளே ஒளிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டார்.

"பக்கத்துல யாரு குடியிருக்கா?"

"புருஷன் பெண்சாதி சார். அவரு வெல்டர்."

"எந்த ஊர்?"

"தூத்துக்குடிப் பக்கம்."

"எவ்வளவு நாளா?"

இந்தக் கேள்விக்கு 'மாசியிலேர்ந்து' என்று சொன்னால் போதும். அதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்கள் வேறு பக்கம் திரும்பினால் போதும் என்று இருந்தது. அவள்மேல் கோபமும் இருந்தது.

"அவங்க வூட்டுக்கு யார் யாரோ வந்து போறாங்க சார்" என்றேன். "யாருன்னு எங்களுக்குத் தெரியாது."

அந்த வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு ஆள்தான், அக்காவின் தம்பி. இரண்டு தடவை வந்தான். இரண்டாவது தடவை எங்களுக்கு மக்ரூன் கொண்டுவந்து கொடுத்தான். நான் சாப்பிட்டிருக்கிறேன்.

சப்-இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். அவர் நோட்டில் ஏதோ எழுதினார். மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கரண்ட் வந்தது. அயர்ன் சூடானதும் தப்பான இடத்தில் இருந்த காலை உருக்கி எடுத்து, நாலாவது முனையில் வைத்துப் பற்றவைத்தேன். பேட்டரியைக் கடைசியாக மாட்டினேன். கான்ஸ்டபிள் இருவரும் வாசலுக்கே போய்விட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் மோர் டம்ளரில் விரலை நனைத்துத் தகட்டின்மேல் உதறினார். பஸ்ஸர் வீல் என்று கத்தியது. வாசலில் ஒரு குழந்தை அழுதது, பெரியவர்கள் சிரித்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர்கூடச் சிரித்தார். முந்தானையால் தகட்டைத் துடைத்தேன். நின்றுவிட்டது.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார். "ஆனா இந்த நேரத்துல இதெல்லாம் வீட்ல வேணாம். எங்ககிட்ட இருக்கட்டும். அப்புறம் வந்து வாங்கிக்குங்க." டப்பா, கடிதங்கள், அயர்ன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

அன்று மத்தியானம் ஒர்க்ஷாப்பிலிருந்தே அந்த வெல்டரை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். மறுநாள் சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். ஒன்றும் செய்யவில்லை, கேள்விதான் கேட்டார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஆனால் போலீஸ் கூட்டிப்போன ஆள் என்றால் அந்த மாதத்தில் அதுவே போதும். அந்த வாரமே வீட்டுச் சொந்தக்காரர் வந்து காலி செய்யச் சொல்லிவிட்டார். ஒரு டெம்போவில் பாதிகூட நிறையாத சாமான்களோடு போனார்கள். ஏறுவதற்கு முன் அக்கா என் முறத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார், முந்தின வாரம் இரவல் வாங்கியது. என்னைக் கூப்பிடவில்லை. நானும் ஜன்னலுக்குப் பின்னால்தான் நின்றேன். காட்டிக்கொடுத்தவளுக்கு வருத்தம் இருக்கத்தானே செய்யும் என்று அப்போதும் அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் ஸ்டேஷனிலிருந்து சொல்லியனுப்பினார்கள். சாமான்களை வாங்கப் போனேன். எழுத்து வேலை பார்க்கும் வயசான கான்ஸ்டபிள் ஒருவர் டப்பாவைத் தேடி எடுத்து, தாளில் உள்ள ஒவ்வொன்றையும் படித்துச் சரிபார்த்துக் கொடுத்தார். ரொம்பப் பொறுமைசாலி.

"உங்க வீட்டுக்காரரு மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இல்லம்மா" என்றார்.

"ஏன் சார்?"

"அவராத்தானே வந்து சொன்னாரு. வீட்ல இப்படி இப்படி இருக்கு, அலமாரி மேல்தட்டுல டப்பா, நீங்களே வந்து பாத்துடுங்கன்னு. எத்தினி பேரு அப்படி வருவாங்க?"

நான் கையெழுத்துப் போட்டேன். என் பெயரைத் தப்பாக எழுதிவிட்டு, அடித்து மறுபடி எழுதினேன். வெளியே லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. டப்பாவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பென்னலூர்வரை நடந்தே வந்தேன். பஸ் வந்ததா போனதா என்று பார்க்கவே இல்லை.

அவர் ஷிப்ட் முடிந்து வந்து, முகம் கழுவி, சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தேன்.

"ஸ்டேஷனுக்கு நீங்களா போனீங்க?"

தட்டில் கை கழுவியவர் கையை உதறாமல் அப்படியே வைத்திருந்தார்.

"யாரு சொன்னது?"

"போனீங்களா?"

"போனேன்." கையை உதறிவிட்டுச் சொன்னார்: "கம்பெனில என் ஊரைக் கேட்டாலே ஒரு மாரி பாக்குறானுங்க. எவனாவது முந்திக்கினு போய்ச் சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்? அதான் நானே போய்ச் சொன்னேன். உன் நல்லதுக்குத்தான்."

"என்னாண்ட சொல்லிட்டுப் போயிருக்கலாமே?"

மாமியார் அடுப்படியில் பாத்திரச் சத்தத்தை நிறுத்தியிருந்தார்.

"அந்த லெட்டருங்க வேற" என்றார் அவர். "மாசாமாசம் அதே கையெழுத்து. ஒண்ண மட்டும் தனியா மடிச்சு வெச்சிருந்தே. நான் இன்னான்னு நெனைக்கிறது? ரெண்டும் ஒண்ணாத் தெளிஞ்சிடட்டும்னு போனேன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? அவர் சொன்னது தன் பெண்சாதியைப் பற்றி. உண்மையைத்தான் சொன்னார். நான் சொன்னது ஒரு பாவமும் அறியாதவளைப் பற்றி. அதுவும் பொய். அழுகை வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்க் கழுவினேன்.

அவர்கள் எங்கே போனார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். ஒர்க்ஷாப்பில் யாரும் வாய் திறக்கவில்லை, என்னையே சந்தேகமாகப் பார்த்தார்கள். கடைசியில் டெம்போ ஓட்டியவரைப் பிடித்தேன். சேரப்பணஞ்சேரியில் இறக்கிவிட்டதாகச் சொன்னார். மாமியாரிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் தடுக்கவில்லை. "வெறுங்கையோட போவாத" என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தார். ஒரகடத்தில் பஸ் மாறி, இறங்கி, நாலு பேரை வழி கேட்டு, ஏரிக்கரையோரம் இருந்த ஓட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன்.

அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"வா" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை மறந்துவிட்டேன். "அக்கா, நீங்கதான் எங்களைப் பத்திச் சொன்னீங்கன்னு நெனச்சிட்டேன்" என்றேன். "அந்தக் கோவத்துல போலீஸ்கிட்ட உங்களைப் பத்தி நான்தான்…"

"தெரியும்."

"யாரு சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? சொவத்துக்கு அந்தப் பக்கம்தான இருந்தேன். கரண்டு இல்ல, ஃபேன் சத்தம் இல்ல. நீ பேசுனது பூராங் கேட்டுச்சு." முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். "ஒயரு எங்கன்னு ஏன் கேட்டேன் தெரியுமா? அன்னைக்கு வானம் கறுத்துக் கெடந்துச்சு. துணி காயப்போட்டிருந்தேன். மழை வந்தா ஒன் பொட்டி கத்துமேன்னு கேட்டேன்."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"யார் யாரோ வந்து போறாவன்னு சொன்னியே, வந்தது எந்தம்பிதான், அவனயும் ஊர்ல போயி விசாரிச்சாவ. அவனுக்கு அப்பதான் பொண்ணு பேசி முடிச்சிருந்தோம். அது நின்னு போச்சு."

"அக்கா, மன்னிச்சிருங்க."

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். வாழைப்பழத்தை நீட்டினேன். வாங்கித் திண்ணைமேல் வைத்தார். "ஒரகடத்துக்கு அடுத்த பஸ்ஸ விட்டா அப்புறம் இருட்டிரும், கெளம்பு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகவும் சொல்லவில்லை. ஏரிக்கரையில் பாதி தூரம் வந்து திரும்பிப் பார்த்தேன். அவர் மறுபடி புடைக்க உட்கார்ந்துவிட்டார்.

மறு வருஷம் அவர்கள் ஊருக்கே திரும்பிப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு நான் தேடவில்லை. தேடியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

கம்பெனியிலிருந்து பெட்டிகள் வந்துகொண்டுதான் இருந்தன. கொஞ்ச நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்தேன், வரிசை தவறாமல் பற்றவைத்தேன், எல்லாம் வேலை செய்தன. ஆனால் எந்தச் சந்தேகத்துக்கும் நான் எழுதிப்போடவில்லை. தப்பை நானே தேடிக் கண்டுபிடிக்கப் பழகினேன். ஒரு டிரான்சிஸ்டருக்கு ஒரு வாரம்கூட உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஸ்ரீபெரும்புதூரில் எமர்ஜென்சி லைட் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். என் வீட்டுக்காரரே சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். சூப்பர்வைசர் ஒரு போர்டைக் கொடுத்துப் பற்றவைக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, "எங்கம்மா கத்துக்கினே?" என்றார். வீட்டில் என்றேன். கெட்டுப்போன போர்டுகளைத் தனியாக ஒரு கூடையில் போட்டு என் மேஜைக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். எது தப்பு, எந்த இடத்தில் தப்பு என்று பார்க்கும் வேலை. இருபது வருஷத்துக்கும் மேல் அதைத்தான் செய்தேன். ஒரு போர்டு கெட்டிருக்கிறது என்று யார் சொன்னாலும் நான் உடனே நம்ப மாட்டேன் என்று அங்கே என்மேல் ஒரு புகார் உண்டு. மீட்டரை வைத்து நானே ஒருமுறை பார்த்த பிறகுதான் கழித்துப் போடுவேன்.